கிளானிலிருந்து விடைபெறுதல்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டில் கிளான் என்ற ஆட்டக்காரர் குழுவை விட்டு வெளியேறச் சிவப்பு நிறத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் உறுதிதானா என்று ஒருமுறை கேட்கும். ஆமாம் என்றால் வேலை முடிந்தது. உரையாடல் பெட்டியில் இன்னார் வெளியேறினார் என்று ஒரு வரி விழும், படை தரச் சொல்லி அடுத்த வேண்டுகோள் வந்ததும் அதுவும் மேலே போய் மறைந்துவிடும். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பலர் யோசிக்காமல் அதை அழுத்துகிறார்கள். ஒரு தமிழ்க் கிளானில் பல ஆண்டுகள் கோ-லீடராக இருந்துவிட்டுச் சென்ற ஆண்டு விலகியவள் நான். அந்த ஆண்டுகளில் எத்தனையோ பேர் வெளியேறுவதைப் பார்த்தேன். அழகாக வெளியேறியவர்கள் மிகக் குறைவு. அதற்குக் காரணம் கெட்ட மனம் என்று நான் நினைக்கவில்லை. விளையாட்டுதானே, இதில் விடைபெற என்ன இருக்கிறது என்ற எண்ணமே பெரும்பாலும் காரணம். அந்த எண்ணத்தோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருக்கும் சூப்பர்செல் நிறுவனம் இந்த விளையாட்டை 2012 ஆகஸ்டில் ஐபோனுக்கும் 2013 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்தது. ஆளுக்கொரு ஊர் கட்டிக்கொண்டு, அடுத்தவர் ஊரைத் தாக்குவது ஆட்டம். 50 பேர் வரை சேர்ந்தது ஒரு கிளான். அதில் லீடர் ஒருவர். அவருக்குக் கீழே கோ-லீடர்கள், எல்டர்கள், மற்ற உறுப்பினர்கள். 2014 ஏப்ரலில் கிளான் போர் வந்த பிறகுதான் இது கூட்டு வேலையாக மாறியது. ஒரு போருக்கு 23 மணி நேரம் ஆயத்தம், 24 மணி நேரம் சண்டை. பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு தாக்குதல்கள். ஆயத்த நாளில் ஒவ்வொருவருடைய கிளான் கோட்டையிலும் மற்றவர்கள் காவல் படை நிரப்பித் தர வேண்டும். யாராவது ஒருவர் தன் இரண்டு தாக்குதல்களைச் செய்யாமல் விட்டால், அதில் கிடைக்க வேண்டிய நட்சத்திரங்கள், அதாவது போரின் மதிப்பெண்கள், மற்ற எல்லோருடைய கணக்கிலிருந்தும் போகும். சண்டைக்கு நடுவே ஒருவர் கிளானை விட்டுப் போனால் அவருடைய ஊர் மட்டும் போர் வரைபடத்தில் நின்றுகொண்டிருக்கும். எதிரி அதைத் தாக்கி நட்சத்திரம் எடுக்கலாம். நம் பக்கத்தில் அவருடைய தாக்குதல்களை வேறு எவரும் செய்ய முடியாது.

எங்கள் கிளானில் சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர் லீடர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். அவர் என்னை டீச்சர் என்பார், மற்றவர்களுக்கு நான் அக்கா. கோவையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி, சேலத்தில் நர்சிங் படித்த பெண், மட்டக்களப்பிலிருந்து ஒருவர், குவைத்தில் லாரி ஓட்டும் இரண்டு பேர், சிங்கப்பூர்க் கப்பல் கட்டும் தளத்தில் மூன்று பேர் என்று கலவையான கூட்டம். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். கடைசி நேரத் தாக்குதல்களை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யும்போது இந்த ஐந்து மணி நேர இடைவெளிதான் எங்களுடைய பெரிய பலம். நம் ஊரில் எல்லோரும் தூங்கப் போகும் நேரத்தில் குவைத்காரர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவார்கள். நாம் எழுந்து பல் துலக்கும்போது சிங்கப்பூர்க்காரர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். யாருக்கு எந்த நேரம் வசதி, யாருடைய ஊர் எந்த டவுன் ஹால் (ஊரின் மையக் கட்டடம்) நிலையில் இருக்கிறது, யார் எந்தப் படையில் கெட்டிக்காரர் என்பவை முதல் பக்கங்கள். அவற்றை விளையாட்டுக்குள்ளேயே யாரும் பார்த்துக்கொள்ளலாம். நோட்டின் பின்பக்கங்களில் இருந்தவற்றை எங்கேயும் பார்க்க முடியாது. இவருடைய போன் இவருடையது இல்லை, கூடப்பிறந்த அண்ணனோடு பங்கு போட்டுக்கொள்வது. இவருக்கு இரவு பத்துக்கு மேல் போன் செய்யக்கூடாது. இவர் மாதத்தில் ஒரு வாரம் இரவுப் பணி, அந்த வாரம் பட்டியலில் சேர்க்க வேண்டாம். இவரைப் பட்டியலில் விட்டுவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் மனம் வருந்துவார். இவர் தோற்ற பிறகு யாரும் உடனே ஆலோசனை சொல்லக்கூடாது, அரை மணி நேரம் கழித்துச் சொன்னால் கேட்பார். ஒரு குழு நடப்பது இந்தப் பின்பக்கங்களால்தான். எனக்கு ஆட்டத்தில் பெரிய திறமை ஒன்றும் கிடையாது. இந்தப் பின்பக்கங்களுக்காகத்தான் என்னைக் கோ-லீடராக வைத்திருந்தார்கள் என்று நம்புகிறேன்.

பிறகு ஆசை வடிந்துவிட்டது. எவரோடும் சண்டை இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, பள்ளியில் வேலை கூடிவிடவும் இல்லை. ஒரு காலத்தில் படையைப் பயிற்றுவிக்கவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அந்தக் காத்திருப்பே இனிமையாக இருந்தது. இப்போது ஆயத்த நாள் தொடங்கியது என்ற அறிவிப்பு வந்தாலே ஒரு சுமை ஏறுவதைப்போல உணர்ந்தேன். பிடித்துச் செய்த ஒன்று பிடிக்காமல் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. அதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. விலகும் உரிமை எனக்கு இருக்கிறதா என்ற கேள்வி ஒருநாளும் எழவில்லை. எப்படி விலகினால் அந்தக் கூட்டத்துக்குச் சேதம் வராது என்பதை மட்டும்தான் யோசித்தேன்.

முதலில் யோசித்தது நேரத்தை. 2018 அக்டோபரிலிருந்து மாதந்தோறும் லீக் நடக்கிறது. எட்டுக் கிளான்கள் ஒரு தொகுதி, ஒன்றோடொன்று மோத ஏழு போர்கள், நாளுக்கு ஆளுக்கு ஒரே தாக்குதல். பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டால் அந்த லீக் முழுக்க நாம் அந்தக் கிளானுக்குச் சொந்தம். இடையில் போனால் வேறு கிளானுக்காக அந்த மாதம் ஆடவும் முடியாது, பழைய கிளானுக்கும் ஓர் ஆள் குறைவு. முந்தைய மாதத்தின் கூடுதல் பதக்கங்களை லீடர் பிரித்துக் கொடுத்திருப்பார். அதை வாங்கி ஊரை வளர்த்துக்கொண்டு, அடுத்த லீக்கின் மூன்றாம் நாளில் மறைந்துவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஏலச்சீட்டில் முதல் மாதமே பணத்தை எடுத்தவர் பாக்கித் தவணையைக் கட்டாமல் ஊரை விட்டுப் போவதைப்போல இது. அவர்மேல் எந்தச் சட்டமும் பாயாது. மற்ற ஆட்கள் தங்கள் கையிலிருந்து போட்டு அந்தக் குழியை அடைக்க வேண்டும். ஆகவே லீக் முடிந்து, பதக்கங்கள் பிரித்து, அடுத்த போர் தொடங்காத நாளில்தான் விலகுவது என்று முடிவுசெய்தேன். அதற்கு முன்பே போர் விருப்பத்தைப் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாற்றிவிட்டேன். விளையாட்டிலேயே இருக்கும் வசதி அது. நான் அடுத்த போருக்கு இல்லை என்று எவரையும் தொந்தரவு செய்யாமல் சொல்லும் வழி.

அடுத்தது யாரிடம் முதலில் சொல்வது என்பது. எல்லோரும் பார்க்கும் உரையாடல் பெட்டியில் முதல் செய்தியைப் போடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பொறுப்பில் இருக்கும் ஒருவர் போகிறார் என்று கூட்டத்தோடு கூட்டமாக லீடரும் தெரிந்துகொள்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை. எழுதியும் அனுப்பக்கூடாது; குரல் வேண்டும். அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அண்ணா, இந்த லீக்கோடு நான் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா டீச்சர்?"

"இல்லை அண்ணா. முன்புபோல ஆசை இல்லை. அவ்வளவுதான்."

"ஆசை இல்லாமல் விளையாடக்கூடாது," என்றார். உடனே, "கோட்டை நிரப்புவதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். போகாதீர்கள் என்று அவர் கெஞ்சவில்லை, ஏன் என்று இரண்டாவது முறை துருவவில்லை. வேலையைக் கேட்டார். நான் கோவைத் தம்பியின் பெயரைச் சொன்னேன். அவருக்கும் அதே எண்ணம் இருந்தது. அந்த அழைப்பு பத்து நிமிடத்துக்குமேல் நீளவில்லை, ஆனால் என் தோளிலிருந்து பாதிச் சுமை அதிலேயே இறங்கிவிட்டது.

காரணம் சொல்வதைப் பற்றி இங்கே எழுத வேண்டும். எங்கள் கிளானில் வெளியேறியவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு பொய்க் காரணம் சொன்னார்கள். பரீட்சை, போன் உடைந்துவிட்டது, வீட்டில் திட்டுகிறார்கள், ஊருக்குப் போகிறேன். ஆசை போய்விட்டது என்று சொன்னால் மற்றவர்கள் புண்படுவார்கள் என்று பயந்து சொன்ன பொய்கள் அவை. நம் வளர்ப்பு அப்படி. ஒரு விசேஷ வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பக்கூட நமக்கு ஒரு சாக்கு வேண்டும். ஆனால் இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாளக் குறி ஒன்று இருக்கிறது. பெயரை மாற்றினாலும் குறி மாறாது. அதைத் தேடினால் அவர் இப்போது எந்தக் கிளானில் இருக்கிறார் என்று காட்டிவிடும். போன் உடைந்தவர் மறுவாரமே இன்னொரு கிளானில் போர் செய்துகொண்டிருப்பதை எங்கள் பையன்கள் கண்டுபிடித்து வந்து சொல்வார்கள். இன்னும் பெரிய கிளானில் ஆட ஆசைப்படுகிறேன் என்று அவர் நேராகச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் முணுமுணுப்போடு போயிருக்கும். பொய் சொன்னதால் அவரைப் பற்றிய பேச்சே கசந்துபோனது. உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஒரு வரிக்குமேல் காரணம் போனால் அது குற்றப்பத்திரிகையாக மாறத் தொடங்கும்.

கோபத்தில் போகிறவர்களின் கதை வேறு. கோ-லீடருக்கு உறுப்பினர்களை வெளியேற்றும் அதிகாரம் உண்டு. எங்களோடு நட்பாக இருந்த இன்னொரு கிளானில், பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கவில்லை என்ற கோபத்தில் ஒரு கோ-லீடர் நள்ளிரவில் கைக்கு எட்டிய அத்தனை பேரையும் வெளியே தள்ளிவிட்டுத் தானும் போய்விட்டார். காலையில் எழுந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் கிடந்தார்கள். அதில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. ஆன்லைன் விளையாட்டு வரலாற்றில் பெயர்பெற்ற ஒரு வெளியேற்றமும் இப்படிப் போகும்போது கூட்டத்தைக் கலைத்ததுதான். ஐஸ்லாந்து நிறுவனமான சிசிபி 2003-ல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில், பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற வலிமையான கூட்டணி இருந்தது. 2009 பிப்ரவரியில் அதன் நிர்வாகிகளில் ஒருவர் எதிரிகளான கூன்ஸ்வார்ம் பக்கம் போனார். போகும்போது தன் அதிகாரத்தைக் கொண்டு அந்தக் கூட்டணியே கலைந்துபோகச் செய்தார். ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் சேர்த்துக் காத்த விண்வெளிப் பகுதிகள்மீது இருந்த உரிமை போயிற்று. கூட்டணியின் பெயரைக்கூட எதிரிகள் உடனே பதிவுசெய்து எடுத்துக்கொண்டார்கள். இதைச் சாகசமாகச் சொல்பவர்கள் பலர். ஈவ் விளையாட்டில் துரோகத்துக்கும் இடமுண்டு என்பதைத் தெரிந்துகொண்டுதான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள், ஆகவே அந்த மனிதரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதே விளையாட்டில் இருக்கும் இன்னொரு விதிதான் எனக்குப் பிடித்தது. அங்கே ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு நிறுவனம் என்று பெயர்; அதில் பொறுப்பு வகிக்கும் ஒருவர் நினைத்தவுடன் விலக முடியாது. முதலில் பொறுப்புகளைத் துறக்க வேண்டும், பிறகு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பின்னரே வெளியேறலாம். கோபம் ஆறுவதற்கு ஒரு முழு நாள். கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் அந்த நள்ளிரவுக் கிளான் இன்றும் உயிரோடு இருந்திருக்கும்.

கோபத்தைவிடவும் என்னை அதிகம் வருத்துவது சத்தமில்லாமல் காணாமல் போவது. 2015 டிசம்பர் முதல் வாரம், சென்னை வெள்ளம். எங்கள் உறுப்பினர் ஒருவர் தாம்பரத்துக்கு அப்பால் குடியிருந்தார். அவர் விளையாட்டுக்குள் வருவது நின்றது. போன் போகவில்லை. முகம் பார்த்திராத ஒருவருக்காக குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் இரவெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மைத்துனரைத் தண்ணீருக்குள் அனுப்பித் தேடச் சொல்லும் அளவுக்குப் போனார். நாட்கள் கழித்து, உறவினர் வீட்டு மாடியிலிருந்து வந்துவிட்டதாக அவரே செய்தி அனுப்பினார். அதிலிருந்து எங்கள் கிளானில் மௌனத்துக்கு ஒரு பொருள் வந்துவிட்டது. யாராவது சொல்லாமல் நின்றுவிட்டால் அண்ணனுக்கு முதலில் பயம்தான் வரும். சலித்துப்போய்ப் போனாரா, இல்லை ஏதாவது ஆகிவிட்டதா என்று இந்தப் பக்கம் இருப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? போகிறேன் என்ற ஒரு வரி, பிரிவுச் செய்தியாக இருப்பதற்கு முன்பே, நலமாக இருக்கிறேன் என்ற செய்தி.

இந்த இடத்தில் நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. டூஷென் என்ற தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்த இளைஞர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஸ்டார்லைட் என்ற குழுவில் இபெலின் என்ற பாத்திரமாக ஆடினார். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். மகன் தனிமையில் வாழ்ந்து முடிந்துவிட்டான் என்றே பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவர் எழுதிவந்த வலைப்பதிவில் மரணச் செய்தியை இட்டார்கள். பிறகு குழுவினரிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. வேறு வேறு நாடுகளிலிருந்து சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். அவருடைய தந்தை இதைப் பின்னர் உலகறியச் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி ஒப்படைப்பு. இதற்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன், எடுத்துக்கொண்டதில் எனக்குத் திருப்தி. நோட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று முதலில் தோன்றும். அது போதாது. கோவைத் தம்பி ஏற்கெனவே கோ-லீடர்தான், ஆனால் பட்டியல் போட்டுப் பழக்கமில்லாதவர். நான் கிளானில் இருக்கும்போதே சில போர்களை அவர் கையில் முழுதாகக் கொடுத்தேன். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர், கோட்டை நிரம்பியதா என்று பார்ப்பதும் அவர், தாக்காதவரைக் கூப்பிட்டு எழுப்புவதும் அவர். யாராவது என்னிடம் கேட்டால் தம்பியிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். ஒரு போரில் அவர் கீழே இருக்க வேண்டியவரை மேலே வைத்துவிட்டார், தோற்றோம். வாயைத் திறக்காமல் இருந்தேன். என் இடத்தில் நான் இருக்கும்போதே அந்த இடம் அவருடையது என்று எல்லோருக்கும் பழக வேண்டும். போன பிறகு பழகச் சொன்னால் ஒவ்வொரு தோல்விக்கும் அக்கா இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு ஒரு இளைஞரை நசுக்கிவிடும்.

பதவி இறக்கத்தையும் முறையாகச் செய்தோம். கோ-லீடரிலிருந்து எல்டர், எல்டரிலிருந்து உறுப்பினர். ஒவ்வொரு முறையும் லீடர் இவரைப் பதவி இறக்கினார் என்று பெட்டியில் வரி விழும். விவரம் தெரியாதவர்கள் தண்டனை என்று நினைப்பார்கள். அதனால் அண்ணன் முன்கூட்டியே, டீச்சர் கேட்டுக்கொண்டதால் செய்கிறேன் என்று அறிவித்தார். கணக்குகளின் விஷயமும் இருந்தது. பரீட்சைக் காலத்தில் தங்கள் கணக்கை மற்றவரிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வது கிளான்களில் பரவலான பழக்கம். சூப்பர்செல்லின் விதிப்படி கணக்கைப் பகிர்வதும் விற்பதும் கூடாது. என் போனில் அப்படிக் கிடந்தவற்றிலிருந்து வெளியேறி, உரியவர்களிடம் அதைத் தெரிவித்தேன். என் கணக்கைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்ட பையனுக்கு மறுத்துவிட்டேன். விதியை மீறுவது ஒருபுறம் இருக்கட்டும். என் பெயரில் இன்னொருவர் பேசுவதை நான் விரும்பவில்லை.

நோட்டிலிருந்து தம்பிக்குக் கொடுக்காத பக்கங்களும் உண்டு. ஒரு கல்லூரி மாணவர் அரியர் விழுந்ததை வீட்டில் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். சேலத்துப் பெண் வேலை தேடி அலைந்த காலத்தில் இரவில் நெடுநேரம் பேசியிருக்கிறார். இவை கிளானின் சொத்து இல்லை. பொறுப்பை மாற்றிக் கொடுக்கலாம், நம்பிக்கையை மாற்றிக் கொடுக்க முடியாது. அந்தச் சிலருக்கு மட்டும் தனித்தனியாக எழுதினேன்: கிளானில் இருக்க மாட்டேன், இந்த எண்ணில் இருப்பேன். உண்மையில் விலகலில் எனக்குக் கண் கலங்கியது இந்தக் கடிதங்களை எழுதும்போதுதான்.

எண்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. என் அண்ணன் மகன் பப்ஜி விளையாடிக்கொண்டிருந்தான், நால்வர் அணி. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி இந்திய அரசு அந்தச் செயலியைத் தடை செய்தது. அக்டோபர் 30-ஆம் தேதி சேவை நின்றது. இடையில் இருந்த வாரங்களில் மீண்டும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளவில்லை. மறு ஆண்டு ஜூலையில் இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பு வந்தபோது நால்வரில் இருவர் வரவில்லை. அவர்கள் ஊர்கூட அவனுக்குத் தெரியாது. விளையாட்டு ஒரு வாசல். அதன் சாவி நம் கையில் இல்லை. யாரை இழக்க விருப்பமில்லையோ அவருடைய எண்ணை அந்த வாசலுக்கு வெளியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

விடைபெறும் செய்தியை அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் போட்டேன். நான்கு வரிகள். இன்றோடு நிறுத்துகிறேன்; இனிமேல் பட்டியலுக்குத் தம்பியிடம் பேசுங்கள்; உங்களோடு விளையாடிய காலம் எனக்கு மகிழ்ச்சியானது; எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். தனித்தனிப் பெயர் எழுதி நன்றி சொல்லவில்லை. ஐம்பது பேரில் ஒரு பெயர் விடுபட்டாலும் அது ஆறாது. கிளான் எப்படி நடக்க வேண்டும் என்ற அறிவுரையும் எழுதவில்லை. போகிறவர் கடைசியாகச் சொல்லும் அறிவுரைக்கு யாரும் மறுமொழி சொல்ல முடியாது, அதனாலேயே அது நியாயமற்றது. குறை இருந்தால் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அன்றே விலகினேன். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப் ஒரு மாற்றம் அறிவித்தது. ஒருவர் விலகினால் நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்கு அறிவிப்பு போகாது. நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குடியிருப்புச் சங்கக் குழுவுக்கு அது நல்ல வசதி. எங்களுடையதைப்போன்ற சிறு குழுவில் சொல்லிவிட்டுப் போவதே முறை. ஒலியை அடக்கிவைத்துவிட்டு உள்ளேயே இருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அது பாதி விலகல். என் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கும்வரை சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள், தம்பியின் சொல்லுக்கு மேல் என் சொல்லை எதிர்பார்ப்பார்கள். டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில் ஒரு நல்ல விதி இருக்கிறது. அங்கே ஒரு குழுவின் உரிமையாளர், உரிமையை வேறொருவருக்கு மாற்றாமல் அல்லது முழுவதையும் அழிக்காமல், விலகவே முடியாது. நிர்வாகியாக இருப்பவர்கள் எந்தச் செயலியிலும் இதைத் தாங்களாகவே கடைப்பிடிக்கலாம்.

தம்பி என் முறையை மாற்றிவிட்டார் என்று சேலத்துப் பெண் வழியாகக் கேள்விப்பட்டேன். குவைத்காரர்களைக் கடைசிக்கு வைக்காமல் முதலிலேயே தாக்கவிடுகிறாராம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை, எந்த நேரத்தில் எதிரி சோர்வாக இருப்பான் என்பதற்கு எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் கேட்காத இடத்தில் சொல்ல எனக்கு வேலை இல்லை. பழைய கோ-லீடர்கள் சிலர் வாரம் ஒருமுறை வந்து எட்டிப்பார்த்து, எங்கள் காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா என்று பேசிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபின் புதியவர்கள் முகம் வாடுவதை எழுத்திலேயே உணரலாம்.

இருப்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. போகிறவரைத் துரோகி என்று சொல்லாதிருப்பது, எந்தக் கிளானுக்குப் போனார் என்று குறியைத் தேடித் துப்பறியாதிருப்பது, திரும்பி வந்தால் பழைய பதவியையும் பழைய கோபத்தையும் எடுத்து நீட்டாதிருப்பது. எங்கள் அண்ணன் இதில் பெரிய மனிதர். நான் வெளியேறிய வரி விழுந்ததும் அவர் போட்டது ஒரே செய்தி என்று பிறகு தெரிந்தது: "டீச்சர் முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். யாரும் அவருக்குப் போன் செய்து ஏன் என்று கேட்க வேண்டாம்."

அண்ணனுக்கும் எனக்கும் இப்போது ஒரே ஒரு வாதம் பாக்கி. நான் விலகிய விதம் அவருக்குப் பிடித்துப்போய், இனி யார் போனாலும் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று கிளான் விதியாக எழுதி வைக்கப்போகிறேன் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத, பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரு மாத அறிவிப்பு எதற்கு? அவன் கையில் எதுவும் இல்லை. நடக்கும் போரை முடித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அளவுக்கு மீறிக் கட்டினால் அவன் பயந்துகொண்டு சொல்லாமலே ஓடுவான், அண்ணன் பயப்படும் மௌனம்தான் கூடும். லீடரும் கோ-லீடர்களும் மட்டும் ஒரு லீக் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.